நான் பார்த்து அனுப்பிய விமானங்கள்

எனக்குக் கட்டுரை எழுதத் தெரியாது. திருவானைக்காவலில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். கடிதம் எழுதுவேன், அவ்வளவுதான். மாடல் விமானம் சேர்க்கிறவர்கள் ஒன்றுகூடி ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் நான் எழுதியே ஆகவேண்டும் என்று பீட்டர் வந்து உட்கார்ந்துகொண்டான். பீட்டர், எங்கள் பட்டறையில் உலை பார்த்த ஆரோக்கியம் அண்ணனின் பேரன். தில்லை நகரில் வீடு, பேங்கில் வேலை. "நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிறேன்மா" என்றான். எனக்கு எழுதுவதைவிடப் பேசுவதுதான் கஷ்டம். அதனால் நானே எழுதுகிறேன்.

இப்போது இவர்கள் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் ஒரு நூல் மேலே ஏறிவிட்டது, மூக்கு கூராகிவிட்டது என்று சண்டை போடுகிறார்களாம். பீட்டர் சொல்லிச் சிரித்தான். அந்தச் சண்டையைத்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு போட்டேன், வாயைத் திறக்காமல்.

அதற்கு முன்னால் கல் பட்டை தீட்டும் வேலை. திருச்சியில் அப்போது வீட்டுக்கு வீடு செயற்கை வைரக் கல் தீட்டினார்கள். எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷமே அவர் காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவிடம் திரும்பி வந்தவள், கல் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். கீறல் பார்க்கும் கண் அங்கே வந்ததுதான். பிறகு சிந்தாமணியில், காவிரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய அரிசிக் குடோனில் உலோக விமானம் வார்க்கிறார்கள், செக்கிங்குக்குப் பெண்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டினால் சத்திரம், அங்கிருந்து நடை.

விமானக் கம்பெனிகளின் டிக்கெட் ஆபீஸ் மேஜையில், கண்ணாடி அலமாரியில் வைக்கிற மாடல்கள் அவை. விளையாட்டுச் சாமான் இல்லை. இரும்புப் பானையில் துத்தநாகக் கலவையை உருக்கி உருக்கு அச்சில் அழுத்தி ஊற்றுவார்கள். உடல் தனி, இறக்கை தனி. இரண்டையும் அடியில் ஒரு திருகாணியால் முடுக்க வேண்டும். பிறகு பெயிண்ட், பிறகு தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற ஜன்னல் படம்.

எங்கள் ஃபோர்மேன் சுந்தரராஜன் சார். ஸ்ரீரங்கத்துக்காரர். ரயில் பட்டறையில் அச்சு வேலை பார்த்து வெளியே வந்தவர். நெற்றியில் நாமம், காக்கிச் சட்டை, பையில் எப்போதும் ஒரு பித்தளை அடிக்கோல். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பான மாடலைத் தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டார். கையில் எடுத்து, கண்ணைப் பாதி மூடி, கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"இது நம்ம விமானம் இல்லேம்மா. எந்த ஊருதோ, பாவம், வழி தப்பி வந்துடுத்து. திருப்பி அனுப்பிடு."

திருப்பி அனுப்புவது என்றால் பானைக்கு. தள்ளினதெல்லாம் மறுபடி உருகி மறுபடி விமானமாக வரும். சரியாக இருந்தால் ஒரே வார்த்தைதான்: "நம்ம விமானம்." அதற்காக நாள் முழுக்கக் காத்திருப்போம்.

அவர் சொல்லிக்கொடுத்த முறையை இப்போதும் கை மறக்கவில்லை. ஆறி, இறக்கை முடுக்கிய வார்ப்பை வால் பக்கம் பிடித்துத் தொங்கவிட்டு, இறக்கையை மரக்குச்சியால் தட்ட வேண்டும். கணீரென்றால் உள்ளே காற்றுக்குழி இல்லை. மொத்தென்றால் தள்ளு. அடுத்தது நகம். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். அதில் நகத்தை ஓட்டினால் தடுக்கக்கூடாது. பிறகு கண்ணாடிப் பலகை. மரத் தொட்டில் ஒன்றில் உடலை உட்காரவைத்து, இரண்டு இறக்கை நுனிக்கும் கீழே ஒரே அளவுள்ள பித்தளைத் துண்டை நுழைக்க வேண்டும். உரசிக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் உரசி ஒரு பக்கம் வழுக்கினால் இறக்கை கோணல். மூக்கின் வளைவுக்கும் வாலின் வளைவுக்கும் வெட்டிய தகடுகள் உண்டு. தகட்டை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. எல்லாம் தேறினால் வாலுக்கு அடியில் சின்ன உளியால் ஒரு புள்ளி. என் புள்ளி கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி விழும். கூச்சப்பட்ட புள்ளி என்று ஆரோக்கியம் அண்ணன் கேலி செய்வார்.

"ஏன் தங்கச்சி, உன் புள்ளிகூட நடுவுல வந்து நிக்க வெக்கப்படுதே!"

நான் முந்தானையை இழுத்துக்கொண்டு குனிந்துகொள்வேன்.

அளவு சரியாக இருந்தும் முகம் சரியில்லை என்று சார் சில மாடல்களைத் தள்ளுவார். எனக்கு அது பிடிபடவில்லை. ஒரு நாள் எங்களை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அவருடைய ஆத்து மாமியும் வந்திருந்தார். செம்பட்டு ஊர்ப் பொட்டலில் வேலிக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்றோம். டக்கோட்டா விமானம் வந்து இறங்கியது. நான் அன்றுவரை தட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். ஆனால் நிஜத்தில் அது தரையில் நிற்கவில்லை. வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை மேலே தூக்கி, சோறு போடச் சொல்லிக் குந்தியிருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"என்ன பார்த்தே, தனம்?" என்று சார் கேட்டார்.

"உட்கார்ந்திருக்குங்க சார்" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"பேஷ்! அதான் முகம். நின்னா அது வேற விமானம்."

மாமி என் காதோரம் கேட்டார். "ஏண்டி பொண்ணே, இது நம்ம கோயில் மொட்டைக் கோபுரத்துக்கும் மேலே போகுமோ?"

"போகும் மாமி."

"அங்கேர்ந்து பார்த்தா ரங்கநாதர் சன்னதி தெரியுமோ? ஒரு தடவை ஏறிப் பார்த்துடணும். இவர் நாள் பூரா விமானம் பண்றார், எனக்கு ஒரு டிக்கெட் கிடையாது."

சார் காதில் விழாத மாதிரி நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

மாமி அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். பிள்ளை குட்டி இல்லை. காரியம் முடிந்து சார் வேலைக்கு வந்தபோது, காக்கிச் சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆர்டர் வந்தது. வெளிநாட்டு விமானக் கம்பெனி ஒன்றுக்கு, மெட்ராஸ் ஏஜெண்ட் மூலமாக. நாலு எஞ்சின் வைத்த விஸ்கவுண்ட். முட்டை வடிவத்தில் பெரிய பெரிய ஜன்னல், கண்ணை அகலத் திறந்துகொண்டிருக்கிற முகம். இதைச் சரியாகச் செய்து கொடுத்தால் தொடர்ந்து வேலை உண்டு, இல்லாவிட்டால் பட்டறை நிற்காது என்று முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். பட்டறையின் பேரில் அவர் ஊரெல்லாம் கடன் வாங்கியிருந்தது எல்லோருக்கும் தெரியும். புது அச்சு செய்தார்கள். பழையதைப் போல் இரண்டு பங்கு பெரிய பானை வைத்தார்கள்.

புதுப் பானையில் முதல் வார்ப்புக்கு நல்ல நாள் பார்த்துப் பூஜை. பூசணிக்காய் உடைத்தாயிற்று. துத்தநாகக் கட்டிகள் உருகிப் பானை நிறைய, அசையாமல், நிலா மாதிரி கிடந்தது. அப்போது சார் மேல்துண்டில் சுற்றிய எதையோ எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு ஈயச் சொம்பு. ஒரு பக்கம் உருகிச் சரிந்து, வாய் கோணிப் போயிருந்தது.

"அவ ரசம் வைக்கற சொம்பு" என்றார். "நான் அடுப்பில் வெறுஞ்சொம்பை வெச்சுட்டேன். புளித்தண்ணி விட்டப்புறம்னா வைக்கணும், எனக்கு என்ன தெரியும். கண்ணெதிரே சாய்ஞ்சுடுத்து. வெச்சுக்கவும் முடியலே, எறியவும் மனசு வரலே."

சொம்பைத் தடவிக்கொண்டே முதலாளி பக்கம் திரும்பினார்.

"கோயில் மணி வார்த்தா ஊரே ஆளுக்கு ஒண்ணு போடும். விக்கிரகத்துக்குத் தங்கம் போடறா. முதலாளி உத்தரவு கொடுத்தா இதையும் இதில் சேர்த்துடறேன். அவ ஏறணும் ஏறணும்னா. போகட்டும்."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "போடுங்க சாமி. இதைவிட நல்ல சகுனம் வேற என்ன?" என்றார்.

சொம்பு போட்டதும் முழுகி, ஒரு நொடி வாய் மட்டும் தெரிந்து, இல்லாமல் போயிற்று. நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம். ஆரோக்கியம் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, நீளக் கரண்டியால் கிளறினார். சார் அழுதுவிடப் போகிறாரே என்று நினைத்தோ என்னவோ, "ரச வாசனை வருது சார்" என்றார். சார் சிரித்தார். மாமி போனபிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பானையை நாங்கள் அடிவரை வழித்ததே கிடையாது. குறையக் குறையக் கட்டி போடுவோம், தள்ளின மாடலைப் போடுவோம், வார்ப்பிலிருந்து வெட்டின உலோகக் காம்புகளைப் போடுவோம். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. நேற்றைய மோர் இன்றைய பாலில், இன்றையது நாளைக்கு.

அந்த விஸ்கவுண்ட்களைப்போல் அழகான வார்ப்பை நான் பார்த்ததில்லை. தட்டினால் கோயில் மணி. நகம் எங்கும் தடுக்கவில்லை. பித்தளைத் துண்டு இரண்டு பக்கமும் ஒரே சத்தத்தில் உரசியது. சார் ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, கண்ணைப் பாதி மூடி, "நம்ம விமானம்" என்பார். சில சமயம் தலையை மட்டும் ஆட்டுவார். வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கி அனுப்பினோம். மெட்ராஸிலிருந்து இன்னும் வேண்டும் என்று வந்தது. முதலாளி எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது முதல் பெட்டி திரும்பி வந்தது.

அதைப் பிரித்தவள் நான். வைக்கோலை விலக்கினால் ஒரு விஸ்கவுண்ட்டின் இறக்கை மேல்நோக்கி வளைந்திருந்தது. வழியில் அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன். அடுத்ததும் அப்படியே. பெயிண்ட் அம்மைக் கொப்புளம் மாதிரி பொங்கியிருந்தது. அதன் கீழே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. பழக்கத்தில் வாலைப் பிடித்துத் தூக்கித் தட்டினேன். ஓட்டைச் சட்டி மாதிரி சத்தம் வந்தது. இறக்கை இரண்டாக முறிந்து மேஜையில் விழுந்தது. முறிந்த இடம் உலோகமாக இல்லை. மாவாக, சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது.

வாலுக்கு அடியில் திருப்பிப் பார்த்தேன். இடது பக்கம் ஒதுங்கின புள்ளி.

பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. நல்லதையும் கெட்டதையும் பிரிக்கச் சொன்னார் முதலாளி. நல்லதாவது மிஞ்சட்டும் என்று. மறுபடி குச்சி, நகம், கண்ணாடிப் பலகை. கணீரென்றதை எல்லாம் அலமாரியில் வரிசையாக வைத்தேன். சில வாரம் கழித்துத் தட்டினால் அதில் பாதி மொத்தென்றது. மறுபடி பிரித்தேன். மிச்சத்திலும் வெடிப்பு கண்டது. வெளியே மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்ட கண்ணால் அதற்குமேல் என்ன செய்ய முடியும்? உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுகிற பித்தளைத் துண்டு எங்களிடம் இல்லை. நான் நல்லது என்று எடுத்து வைத்தது நல்லது இல்லை, இன்னும் வெடிக்காதது, அவ்வளவுதான். அது தெரிந்தபிறகும் தினம் போய்த் தட்டிக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை.

பழி ஆரோக்கியம் அண்ணன் மேல் விழுந்தது. நல்ல கட்டியை வெளியே விற்றுவிட்டுப் பழைய ஈயத்தையும் தகரத்தையும் கலந்துவிட்டான் என்று முதலாளியிடம் யாரோ ஓதியிருந்தார்கள். முதலாளி பட்டறை நடுவில் நின்று கேட்டார்.

"உண்மையைச் சொல்லிடு ஆரோக்கியம். எத்தனை குடும்பம் இதுல சாப்பிடுது தெரியுமா உனக்கு?"

"அந்தோணியார் மேல ஆணை முதலாளி. நீங்க குடுத்த கட்டியைத் தவிர ஒரு குண்டூசி போட்டிருந்தா என் கை அழுகட்டும்."

"அப்போ தானாவா அழுகுது?"

"என்னைக் கேட்டா? நெருப்பு என் பொறுப்பு. மத்தது கர்த்தருக்குத்தான் தெரியும்."

தீர விசாரிக்கும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். சார் குறுக்கே வந்து, "அவன் செய்யமாட்டான், எனக்குத் தெரியும்" என்றார். முதலாளி கேட்கவில்லை.

மெட்ராஸிலிருந்து உலோகம் தெரிந்த ஒருவரை ஏஜெண்ட் அனுப்பினார். கண்ணாடி போட்ட, தாழ்ந்த குரலில் பேசுகிற மனிதர். ஒரு விஸ்கவுண்ட்டை அறுத்து, தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். போகிறபோது எங்களை எல்லாம் நிற்கவைத்துக் கேட்டார். "பானையில் கட்டியும் கழிவும் தவிர வேறு ஏதாவது போட்டதுண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இல்லை என்றோம். முதலாளி சொன்னார், நாங்கள் சொன்னோம், சாரும் சொன்னார். பொய் இல்லை. மனசாரத்தான் சொன்னோம். பூஜைக்குப் போட்டதை யார் பானையில் போட்டது என்று நினைப்பார்கள்? சாமி மேல் போட்ட பூவை யாராவது குப்பை என்று கணக்கில் சேர்ப்பார்களா? அதுமாதிரிதான்.

மெட்ராஸ்காரர் மறுபடி வந்தார். "துத்தநாகம் நல்லதுதான். ஆனா ஈயம் கலந்திருக்கு. காரீயம், வெள்ளீயம் ரெண்டுமே இதுக்கு விஷம். கொஞ்சம் இருந்தாப் போதும், ஈரக் காத்து பட்டுப் பட்டு உள்ளேர்ந்தே அரிச்சிடும். வார்க்கும்போது தெரியாது. யாராலயும் பார்த்துச் சொல்ல முடியாது" என்றார். கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார். ஆறுதலுக்காகத்தான். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

"நான் சொல்லல?" என்று முதலாளி மேஜையில் அடித்தார். "அந்தப் பாவியைப் போலீஸ்ல குடுத்தாத்தான் சரிப்படும்."

சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது.

"ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு அனுப்புங்கோ" என்றார். "போட்டது நான்."

"நீங்க என்னத்தைப் போட்டீங்க சாமி?"

"சொம்பு."

முதலாளிக்கு அப்போதும் புரியவில்லை. "அட, அது பூஜைக்குப் போட்டதில்ல?" என்றார்.

"அதுவும் ஈயம்தானே முதலாளி."

மெட்ராஸ்காரர் என்ன சொம்பு என்று கேட்டார். பூஜையன்று நடந்ததைச் சாரே சொன்னார்.

முதலாளி சாரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அவரும்தானே போடுங்க என்றார், அதனால் வாயடைத்துப் போனாரோ என்னவோ. ஆர்டர் போயிற்று. கடன்காரர்கள் வந்தார்கள். ஆரோக்கியம் அண்ணன் திரும்பி வந்து சார் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான்தானே சார் கிளறினேன்" என்றார். சார் அவர் தோளில் கை வைத்தார்.

மற்ற மாடலாக இருந்தால் தள்ளினது பானைக்குப் போகும். இதைப் பானைக்கும் போட முடியாது. போட்டால் அடுத்ததும் கெடும். குடோனுக்குப் பின்னால் குழி வெட்டச் சொன்னார்கள். கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டினோம். சார் குழி ஓரத்திலேயே நின்றார். ஒரு காரியத்துக்கு நிற்கிற மாதிரி. மேல்துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். மண் தள்ளும்போது, "கொஞ்சம் பொறு" என்றார். நின்றோம். அப்புறம், "ம், தள்ளு" என்றார்.

பட்டறையை மூடினார்கள். நான் கல் சக்கரத்துக்கே திரும்பினேன். கண் மங்கும்வரை அதுதான் வேலை.

சில வருஷம் கழித்து ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் சாரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். படித்துறையில் ஈரத் துண்டோடு நின்றவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"தனமா? சௌக்யமா?"

"இருக்கேன் சார்."

"எங்கேயாவது ஒண்ணாவது நிக்கறதா?" என்றார். எது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு ஆபீஸில் இருக்கும் சார் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. குனிந்து நின்றேன். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. போய்விட்டார் என்று யாரோ சொல்லித்தான் தெரியும்.

இப்போது பீட்டர் கொண்டுவந்ததைச் சொல்ல வேண்டும். தாத்தாவின் தகரப் பெட்டியில், பைபிளுக்கு அடியில், துணியில் சுற்றி ஒன்று இருந்ததாம். குழிக்குப் போகாமல் ஆரோக்கியம் அண்ணன் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். எங்களில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. துணியைப் பிரித்தான். ஒரு இறக்கை இல்லை. எஞ்சின்கள் உதிர்ந்திருந்தன. ஜன்னல்கள் மட்டும் இன்னும் கண்ணை அகலத் திறந்துகொண்டிருந்தன.

"இதுக்கு ஏதாவது பண்ண முடியுமாம்மா? பசை போட்டா நிக்குமா?"

"நிக்காது."

"எங்க குரூப்ல இது உங்க பட்டறை மாடலே இல்ல, எதோ மட்டமான டூப்ளிகேட்னு சொல்றாங்க. அதையாவது பார்த்துச் சொல்லுங்க."

உள்ளங்கையில் வாங்கினேன். பழக்கம் போகவில்லை, வாலைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். பிடித்த இடம் பொடியாகக் கையோடு வந்தது. மெல்லக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணைப் பாதி மூடிப் பார்த்தேன். வாலுக்கு அடியில் இடது பக்கம் ஒதுங்கி நின்றது புள்ளி. சுற்றிலும் வெடித்திருந்தது.

"என்னம்மா?" என்றான்.

"நம்ம விமானம்" என்றேன்.